அல்சாஸ் ஒயின் பாதை: 170 கிலோமீட்டரை ஐந்து நாளில் ஓட்டுவது எப்படி

முதல் தடவை நான் போட்ட திட்டம் ஒரு எக்செல் தாளில் இருந்தது. ஒரே நாள், பதினோரு ஊர், ஊருக்கு நாற்பது நிமிடம். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த மாமனாரும் மாமியாரும் பின் இருக்கையில். ஆறாவது ஊரில் காரை நிறுத்தியபோது அத்தை இறங்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கம்மா. எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கு. மரச்சட்டம் போட்ட வீடு, ஜன்னல்ல சிவப்புப் பூ. நான் கார்லயே உக்காந்திருக்கேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அவசரமாகப் பார்த்தால் அல்சாஸில் இருப்பது ஒரே ஒரு ஊர்தான், அது திரும்பத் திரும்ப வரும். மூன்று வருடம் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். அதே பாதையை ஐந்து நாளாக விரித்துப் போட்டேன். ஒன்பது ஊர்தான் பார்த்தோம். அத்தைக்கு இன்றும் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூரில் பல வருடமாக இருப்பதால், இங்கே வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது இந்தத் திட்டத்தையே கொடுக்கிறேன்.

அல்சாஸ், பிரான்சின் கிழக்கு ஓரம். மேற்கே வோஜ் மலை, கிழக்கே ரைன் நதி, நடுவில் ஒரு நீளப் பட்டை. மலையடிவாரத்தை ஒட்டியே திராட்சைத் தோட்டங்களும் ஊர்களும் இருக்கின்றன. வடக்கே மார்லென்ஹைமில் தொடங்கித் தெற்கே 'தான்' (Thann) என்ற ஊரில் முடியும் இந்த ஒயின் பாதையை 1953இல் திறந்தார்கள். மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் அரை நாள் வேலை. அதனால் தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் நான் ஏமாந்த மாதிரி ஏமாறுவீர்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, காரை யார் ஓட்டுவது. ஹோட்டலைவிட இது முக்கியம். பிரான்சில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வந்தாலே குற்றம். புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு 0.2 கிராம், அதாவது ஒரு வாய்கூட ஆகாது. நாளுக்கொருவர் மாறி மாறி ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் முதல் நாளிலேயே சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஐந்து நாளும் நான்தான். எனக்கு அதில் வருத்தமில்லை, காரணம் பிறகு சொல்கிறேன்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வாருங்கள். வாடகைக் கார் பெரும்பாலும் கியர் வண்டியாகத்தான் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் பெரிய தெருவில் வந்தாலும், அவர் முடுக்குச் சந்திலிருந்து வந்தாலும் அவருக்குத்தான் வழி. ஒரு கிராமத்தில் திராட்சை ஏற்றிய டிராக்டர் வலப்பக்கச் சந்திலிருந்து சர்ரென்று வந்தது. நான் ஹார்ன் அடித்தேன். அந்தப் பெரியவர் டிராக்டரை நிறுத்தி, இரண்டு கையையும் விரித்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தப்பு என்னுடையது.

எப்போது வருவது? டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக வருகிறவர்கள் வரட்டும், அது வேறு பயணம். ஊருக்குள் நுழையவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும். செப்டம்பரில் அறுவடை, ஒயின் செய்கிறவர்களுக்கு நம்மோடு பேச நேரம் இருக்காது. நான் சொல்வது மே கடைசி, அல்லது அக்டோபர் நடுவில் பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம். நாங்கள் அக்டோபரில் போனோம். அறுவடை முடிந்து, இலைகள் மஞ்சளாகி, மலை முழுக்க மஞ்சள் தடவிய மாதிரி இருந்தது. மழைக்குப் பயப்பட வேண்டாம். தென்மேற்குப் பருவமழையை நம் மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிற மாதிரி, மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலை வாங்கிக்கொள்கிறது. பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று கொல்மார். திராட்சை இங்கே இவ்வளவு நன்றாகப் பழுப்பதற்கும் அதுதான் காரணம்.

திங்கட்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்புங்கள். ஞாயிறு பிற்பகலில் சின்ன ஒயின் வீடுகள் (ஒயின் செய்து அங்கேயே விற்கும் குடும்பங்கள்) பலவும் பூட்டியிருக்கும், வார இறுதியில் ஊரெல்லாம் பேருந்துக் கூட்டம்.

தங்குவதற்கு இரண்டே இடம். தினம் ஒரு ஹோட்டல் மாறினால் பாதி நாள் பெட்டி கட்டுவதிலேயே போகும், வயதானவர்கள் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். வடக்குப் பாதிக்கு மிட்டல்பெர்கைமில் இரண்டு இரவு, தெற்குப் பாதிக்கு தூர்க்கைமில் இரண்டு இரவு என்று வைத்தேன். புகழ்பெற்ற ஊர்களான ரிக்விர், எகிஷைம் இரண்டையும் வேண்டுமென்றே தவிர்த்தேன். அவற்றைப் பார்க்கத்தான் போக வேண்டும்.

இனி நாளின் கணக்கு. இந்தத் திட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் முதல் ஊரில் இருக்க வேண்டும். பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். ஒன்றரை மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, பத்தரை வாக்கில் ஒரு ஒயின் வீடு. ஒன்றுதான். பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டு மணிக்குச் சமையலறையை மூடினால் இரவு ஏழு வரை திறக்க மாட்டார்கள். மூன்று மணிக்கு "பசிக்குதே" என்றால் பேக்கரி ரொட்டிதான் கதி. சாப்பிட்டபின் அறைக்குப் போய் ஒரு தூக்கம், அல்லது தோட்டத்து நடைபாதையில் மெல்ல ஒரு நடை. பேருந்துகள் கிளம்பிப் போன பிறகு, ஐந்து மணிக்கு மேல் இரண்டாவது ஊர். ஒரு நாளைக்கு இரண்டு ஊர், அதற்கு மேல் கிடையாது. மூன்றாவது ஊர் வழியில் அழகாகத் தெரிந்தால் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுங்கள்.

முதல் நாள் ஒபெர்நே, அங்கிருந்து மிட்டல்பெர்கைம். இரண்டாம் நாள் பக்கத்திலேயே இருக்கும் அந்த்லோ. அங்குள்ள பழைய மடத்துத் தேவாலயத்தின் நிலவறையில் கல்லில் செதுக்கிய ஒரு கரடி இருக்கிறது. கரடி மண்ணைத் தோண்டிய இடத்தில்தான் அரசி ரிஷார்து மடத்தைக் கட்டினாள் என்பது கதை. அத்தைக்கு ஊர் ஞாபகம் இருப்பது அந்தக் கரடியால்தான்.

மிட்டல்பெர்கைமில் நின்று பழக வேண்டிய ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். வீட்டின் பூந்தொட்டியைப் பார்க்காதீர்கள், வாசலின் மேல்கல்லைப் பாருங்கள். பழைய வீடுகளில் கட்டிய வருடமும், வீட்டுக்காரரின் தொழில் அடையாளமும் அந்தக் கல்லில் செதுக்கியிருக்கும். வளைந்த கவாத்துக் கத்தி இருந்தால் திராட்சைக்காரர். சுத்தியல் இருந்தால் பீப்பாய் செய்கிறவர். முறுக்கு மாதிரி பின்னிய பிரெட்ஸெல் இருந்தால் ரொட்டிக்காரர். இதைச் சொன்னதும் மாமா தெருத்தெருவாக வருடம் படிக்கத் தொடங்கிவிட்டார். "இது 1607. எதிர்வீடு முப்பது வருஷம் மூத்தது" என்று கணக்கு வேறு. அதற்குப் பிறகு எந்த ஊரும் அவருக்கு ஒரே மாதிரி இல்லை.

ஒயின் வீட்டுக்கு முந்தின நாளே போன் செய்யுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி, அவ்வளவு போதும். வாசலில் 'தெகுஸ்தாஸியோன்' என்று பலகை இருந்தால் சுவைத்துப் பார்க்கலாம் என்று அர்த்தம், ஆனாலும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மணியடிக்காதீர்கள். சின்னக் குடும்ப வீடுகளில் சுவைப்பதற்குப் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. அதற்காக ஏழு வகை ஊற்ற வைத்துவிட்டு "மெர்சி" சொல்லி வரக் கூடாது, இரண்டு பாட்டிலாவது வாங்குவதுதான் மரியாதை.

பிரான்சின் மற்ற இடங்களில் லேபிளில் ஊர்ப் பெயர் இருக்கும். இங்கே திராட்சையின் பெயரே இருக்கும், நம்மைப் போன்ற புதியவர்களுக்கு இது வசதி. சில்வானர், பினோ ப்ளாங், ரீஸ்லிங், மஸ்கட், பினோ க்ரீ, கெவூர்ட்ஸ்ட்ராமினர், சிவப்புக்கு பினோ நுவார். மெல்லியதிலிருந்து கனமானதற்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு என்ற வரிசையில்தான் ஊற்றுவார்கள். கெவூர்ட்ஸ்ட்ராமினர் கடைசியில் வரும், அதை முதலில் கேட்டால் பிறகு எதுவும் நாக்கில் ஏறாது. இனிப்புப் பிடிக்காதவர்கள் லேபிளில் 'செக்' என்று இருக்கிறதா பாருங்கள். 'மொய்லு', 'தூ' என்றால் இனிப்பு. மிட்டல்பெர்கைமில் இருந்தால் சில்வானர் கட்டாயம். மற்ற இடங்களில் சாதாரண மேசை ஒயினாகப் போகிற திராட்சை இது. இந்த ஊரின் ட்ஸோட்ஸென்பெர்க் சரிவில் விளைந்தால் மட்டும் அதற்கு 'க்ரான் க்ரூ' என்ற உயர்ந்த தகுதி உண்டு. அல்சாஸ் முழுவதிலும் அந்தத் தகுதி பெற்ற சரிவுகள் 51.

ஓட்டுகிறவருக்கு என்ன கிடைக்கும்? மூக்கு இருக்கிறதே. மேசையில் ஒரு குவளை வைத்திருப்பார்கள், வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அதில் துப்பிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஒயின் செய்கிறவரே துப்புவார். மது தொடாத அத்தையும் நானும் ஒவ்வொரு கோப்பையையும் முகர்ந்தோம். கெவூர்ட்ஸ்ட்ராமினரை முகர்ந்ததும் அத்தை, "கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்புடி இது" என்றார். ரோஜாவும் லிச்சியும்தான் இதன் வாசனை என்று புத்தகங்களில் எழுதுவார்கள், அத்தை சொன்னது இன்னும் சரி. பத்து வருடம் முதிர்ந்த ரீஸ்லிங்கை மாமா முகர்ந்துவிட்டுத் தயங்கினார். "சொன்னா தப்பா நினைச்சுக்குவாரா? மண்ணெண்ணெய் வாசனை அடிக்குது." நான் மொழிபெயர்த்தேன். ஒயின்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வயதான நல்ல ரீஸ்லிங்குக்கு அந்த வாசனை வரும், இங்கே அதை 'பெட்ரோல்' என்றே சொல்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற மூக்குக்கு அது உடனே பிடிபட்டதில் மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் தெற்கே நகருங்கள். வழியில் மலைமேல் ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை. 1633இல் எரிந்து இடிபாடாகக் கிடந்ததை ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1900 முதல் 1908 வரை மறுபடி கட்டினார். பிரெஞ்சு மண்ணில் ஜெர்மன் பேரரசருக்கு என்ன வேலை என்று மாமா கேட்டார். 1871இல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது, 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது, 1940இல் நாஜி ஜெர்மனி எடுத்துக்கொண்டது, போர் முடிவில் மறுபடி பிரான்ஸ். ஊர்ப் பெயர்கள் ஜெர்மன் மாதிரி இருப்பது இதற்கெல்லாம் முந்தியது, இந்த மக்களின் பழைய மொழியே ஜெர்மன் வகைதான். கோட்டையில் படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். மாமாவும் என் கணவரும் ஏறினார்கள். அத்தையும் நானும் கீழே காபி குடித்தோம்.

அங்கிருந்து ஹுனாவிர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பங்கிட்டுக்கொள்கிற மதில் சூழ்ந்த தேவாலயம், திராட்சை நடுவில் தனியாக நிற்கும். கூரைகளில் வண்டிச் சக்கரம் அளவுக் கூடுகள். "செங்கால் நாரையா?" என்றார் அத்தை. ஆமாம். 1970-களில் அல்சாஸ் முழுக்கப் பத்து ஜோடிகூட இல்லாத நிலை. இந்த ஊரில் 1976இல் தொடங்கிய வளர்ப்பு மையமும் சேர்ந்துதான் அவற்றை மீட்டது. அக்டோபரில் கூடுகள் பெரும்பாலும் காலியாக இருக்கும், நாரையைப் பார்க்க ஆசை என்றால் மே மாதம் வாருங்கள்.

அன்று இரவு தூர்க்கைமில் தூங்கிவிடாதீர்கள். மே முதல் அக்டோபர் வரை இரவு பத்து மணிக்கு ஒரு காவல்காரர் விளக்கும் ஈட்டிக்கோடரியுமாகக் கிளம்பி, தெருத்தெருவாக நின்று அல்சாஸ் மொழியில் பாடுவார். விளக்கையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற பழைய எச்சரிக்கைப் பாட்டு.

நான்காம் நாள் காலை ஒன்பதுக்கு ரிக்விர். காரை மதிலுக்கு வெளியே கட்டண நிறுத்தத்தில் விட வேண்டும். 1291இல் எழுப்பிய டோல்டர் கோபுரம் வரை மேலேறிப் போகும் பெரிய தெரு அந்த நேரத்தில் காலியாக இருக்கும். பத்தரைக்கு அதே தெருவில் நடக்க இடமிருக்காது. அதைப் பார்த்த கையோடு, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பென்விருக்குப் போங்கள். எந்தச் சுற்றுலாத் தாளும் அங்கே போகச் சொல்லாது. மரச்சட்ட வீடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் போருக்குப் பின் கட்டிய வீடுகள். 1944 டிசம்பர் சண்டையில் ஊரே தரைமட்டமானது. ரிக்விர் தப்பியது, பென்விர் தப்பவில்லை. காலையில் பார்த்த அழகுக்கு என்ன விலை என்று அங்கே நின்றால்தான் உறைக்கும்.

சாயங்காலம் சிகோல்ஷைமுக்கு மேலே உள்ள குன்றில் ராணுவக் கல்லறைக்குப் போனோம். அந்தப் போரில் இறந்த பிரெஞ்சு முதலாம் படையின் வீரர்கள், சுற்றிலும் திராட்சை. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் வீரர்களின் கல்லறைகள் மட்டும் மெக்காவை நோக்கித் திரும்பியிருக்கும். மாமா 'சொல்தா' வீட்டுப் பிள்ளை, அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஒவ்வொரு வரிசையாக நடந்து பெயர்களைப் படித்தார். இருட்டும் வரை நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இப்படி ஒரு மணி நேரம் கூடுதலாக எடுக்கும் என்று எந்தத் திட்டத்திலும் எழுத முடியாது. பிற்பகலைக் காலியாக விட்டிருந்ததால் கிடைத்தது.

ஐந்தாம் நாள் கொல்மார். உன்டர்லின்டன் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அதனால்தான் வெள்ளிக்கு வைத்தேன். ஜெர்மன் ஓவியர் க்ரூனெவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த ஈசன்ஹைம் பலிபீட ஓவியத்துக்காகவே அங்கே போக வேண்டும். கெட்டுப்போன ரை தானியத்தில் வளரும் பூஞ்சையால் அந்தக் காலத்தில் ஒரு கொடிய நோய் வரும். கைகால் எரிந்து கருகி விழும். அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட அந்தோனியார் மடத்துக்காக வரைந்தது இது. ஓவியத்தில் சிலுவையில் இருக்கும் கிறிஸ்துவின் உடலெல்லாம் புண். நோயாளிக்கு அந்த மடத்தில் கொடுத்த மருந்துகளில் ஒன்று, புனிதரின் எலும்புமேல் ஊற்றி எடுத்த மூலிகை ஒயின். நான்கு நாள் முகர்ந்த ஒயினை வேறு கண்ணோடு பார்க்க வைத்தது அந்தக் கூடம். மாலை வட்ட வட்டமாகத் தெருக்கள் சுற்றும் எகிஷைம், பிறகு ஏ35 நெடுஞ்சாலையில் வீடு.

சாப்பாட்டுக்கு வின்ஸ்டூப் என்ற உள்ளூர்க் கடைகளைத் தேடுங்கள். மெல்லிய ரொட்டியில் க்ரீமும் வெங்காயமும் போட்டுச் சுடும் தார்ட் ஃப்ளாம்பேயில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். வேண்டாமென்றால் "சான் லார்தோன்" என்று சொன்னால் போதும். மன்ஸ்டர் பாலாடைக்கட்டியை மட்டும் முதல் நாளே வாங்கிக் காரில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். அப்புறம் நாலு நாளும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன்.

அக்டோபரில் இன்னொன்று கிடைக்கும், அரைகுறையாகப் புளித்துக்கொண்டிருக்கும் 'வேன் நூவோ', கலங்கலாக, இனிப்பாக. பதநீர் கள்ளாகிற வழியில் பாதியில் நிறுத்திக் கொடுத்த மாதிரி இருக்கும், அக்ரூட் பருப்போடு சாப்பிடுவார்கள். உள்ளே நுரைத்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். படுக்க வைத்தால் காரெல்லாம் ஒழுகும். அன்றன்றே குடித்துவிட வேண்டியதுதான்.

மற்ற பாட்டில்களைக் கண்ணாடி ஓரத்தில் வெயிலில் விடாமல், முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் துணி சுற்றிப் படுக்க வையுங்கள். விமானத்தில் கொண்டுபோக, பெரிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக, மற்றவற்றைவிட உயரமாக இருக்கும், பெட்டியின் உள்ளளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரி இல்லை. 75 சென்டிலிட்டர் (செ.லி.) பாட்டில் மூன்று வைத்தால் 2.25 லிட்டர் ஆகிவிடும். தாமதமாக அறுத்துச் செய்யும் இனிப்பு ஒயின் 50 செ.லி. பாட்டிலிலும் வரும். இரண்டு பெரியது, ஒரு சின்னது, கணக்கு சரியாக இரண்டு லிட்டர். மாமா பெட்டியில் அப்படித்தான் போனது. சின்னது கெவூர்ட்ஸ்ட்ராமினர், முகர்வதற்கு மட்டும் என்று அத்தை எடுத்துக்கொண்டார்.